பாலாற்றில் மொட்டையோடு சில நாட்கள்

வியாழன் இரவு, காட்பாடி

அக்கா மகன் ரொம்ப நாளாகப் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். "மாமா, ரோவரை வெளியே எடுத்துட்டுப் போறோம். கூட ஒரு பெரிய ஆள் இருந்தா ஊர்க்காரங்க கேள்வி கேட்க மாட்டாங்க, வாங்க." கூப்பிட்டது என் அறிவியல் ஆர்வத்துக்காக அல்ல, நரைத்த தலைக்காக. அது தெரிந்தேதான் வங்கியில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமையே கிளம்பலாம் என்று பார்த்தேன், அக்கா விடவில்லை. செவ்வாய் கிரகத்தில் ஓடும் ரோவர் வண்டிக்கு ஒத்திகை பார்க்கிற பையனின் வீட்டிலேயே செவ்வாய்க்கிழமை ஆகாதாம்.

பட்டறை என்று இவர்கள் சொல்வது மொட்டை மாடியில் தகரம் போட்ட ஓர் அறை. உள்ளே இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள், டீ கிளாஸ்கள், சால்டரிங் வாசனை. நடுவில் ஸ்டூல் மேல் வண்டி. பெயர் மொட்டை. மேல்மூடி செய்யப் பணம் போதவில்லை, ஒயரும் போர்டும் திறந்து கிடக்கின்றன, அதனால் அந்தப் பெயர். எடை 40 கிலோ. ஆறு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு மோட்டார். நடுவே ஒரு அலுமினியக் குழாய், அதன் உச்சியில் இரண்டு கேமரா. சக்கரங்களைத் தாங்கும் கைகளை ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு லேத்தில் கடைந்து வாங்கினார்களாம்.

ஸ்பிரிங் எங்கே என்று கேட்டேன். ஸ்பிரிங்கே கிடையாது. அக்கா மகன் முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு செங்கல்லை நகர்த்திவைத்தான். அந்தப் பக்கத்து நீளக் கை மட்டும் உயர்ந்தது, அதோடு கீல் போட்ட குட்டைக் கை கீழே மடங்கிக்கொடுத்தது, மற்ற ஐந்து சக்கரமும் பலகையை விடவில்லை. இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. ஒரு பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் வண்டியின் உடம்பு அதில் பாதிதான் சாயும். 1997இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னருக்கு எடை 10.6 கிலோ. 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸுக்கு 1,025 கிலோ. இரண்டுக்கும் அடியில் இதே ஏற்பாடுதான். சந்திரயான்-3 கொண்டுபோன 26 கிலோ பிரக்யானுக்கும் இதேதான். கால் நூற்றாண்டாக வண்டி பெருத்திருக்கிறது, கால் மாறவில்லை.

வேலூரைக் கிண்டலடிக்க ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மற்றதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ரோவர் விட்டுப் பார்க்க இதைவிடத் தோதான ஊர் எது?

வெள்ளி, விரிஞ்சிபுரம்

வி.ஏ.ஓ.விடம் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். டாடா ஏஸில் மொட்டையை ஏற்றி, காலை ஏழு மணிக்கெல்லாம் பாலாற்றுக்கு வந்துவிட்டோம். நந்தி மலையில் தொடங்கிக் கடல் சேர 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு. அதில் 222 தமிழ்நாட்டுக்குள். ஓடும் என்று எழுதியது பழக்கத்தில் வந்துவிட்டது. 2021 நவம்பரில் இருகரையும் தொட்டுப் போனது. இன்றைக்குக் கண்ணுக்கு எட்டியவரை மணல், நடுநடுவே கருவேலம்.

விளையாட்டின் விதி இது. ஓட்டுகிற குழு கரையில் உள்ள மாந்தோப்பில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கட்டளை வண்டிக்குப் போய்ச்சேர எட்டு நிமிடம், படம் திரும்பி வர எட்டு நிமிடம். நடுவில் ஒரு லேப்டாப் செய்தியைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடும். நிஜத்தில் செவ்வாய் நமக்குக் கிட்டே வரும்போது ரேடியோ செய்தி போக மூன்று நிமிடம் ஆகும், சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் 22 நிமிடம். அதனால் அங்கே யாரும் ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டுவதில்லை. ஒரு நாள் வேலையை மொத்தமாக எழுதிக் காலையில் அனுப்பிவிடுவார்கள். நடந்ததை, செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் வழியாக வண்டி பிறகு சொல்லும். செவ்வாயின் ஒரு நாள் நம்முடையதைவிடச் சுமார் 40 நிமிடம் நீளம். ரோவர் இறங்கிய புதிதில் அதை இயக்கும் ஆட்கள் அந்தக் கணக்கில்தான் தூங்கி எழுவார்கள். இன்று காலை ஒன்பது மணி ஷிப்ட் நாளை ஒன்பது நாற்பதுக்கு, மறுநாள் பத்து இருபதுக்கு. மூன்று வாரத்துக்குள் அது ராத்திரி ஷிப்ட் ஆகிவிடும். எங்கள் யூனியனில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் வேலை, வண்டிக்குப் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்திருப்பது. தொடக் கூடாது, தோப்புக்குப் போன் செய்து எதையும் சொல்லக் கூடாது. யாராவது குழந்தை குறுக்கே வந்தால் மட்டும் சிவப்பு பட்டனை அமுக்கலாம்.

மொட்டை கிளம்பியது. விநாடிக்கு நாலு சென்டிமீட்டர். பெர்சிவரன்ஸின் உச்ச வேகமே அவ்வளவுதான் என்பதால் இவர்களும் அதற்கு மேல் போகாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் போகும், நிற்கும், கேமரா வலமும் இடமும் திரும்பும், அப்புறம் நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. முதல் ஒரு மணி நேரம் எனக்குச் சலிப்பு. அதற்குப் பிறகு, வண்டி எதைப் பார்க்கிறதோ அதையே நானும் பார்க்க ஆரம்பித்தேன், வேறு வேலை இல்லாததால்.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். "இன்னா சார் இது, மணலு அளக்குறீங்களா? திரும்பக் குவாரி வருதா?"

"இல்லம்மா, காலேஜ் பசங்க செஞ்ச வண்டி. செவ்வாய் கிரகத்துல ஓடுது இல்ல, அந்த மாதிரி."

"அங்க மணலு கீதா?"

"நிறைய இருக்கும்மா."

"அப்ப அங்கியும் லாரி போவும்" என்று சொல்லிவிட்டு ஆடுகளை அதட்டிக்கொண்டு போனார்.

பத்து மணி சுமாருக்கு மொட்டை ஒரு கூழாங்கல் திட்டின் முன்னால் போய் நின்றது. நிற்கச் சொன்னது யாரோ தெரியவில்லை, நல்ல கண். உள்ளங்கையில் அடங்கும் கற்கள், முனையெல்லாம் மழுங்கி உருண்டவை, நடுவில் பொடி மணல் இறுகிக்கிடந்தது. 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கியது. இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அது படம் பிடித்து அனுப்பியது இதே காட்சியைத்தான்: உருண்ட கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிய ஒரு பாளம், ஓரம் உடைந்து தூக்கி நின்றது. அந்த அளவுக் கல்லைக் காற்று தூக்காது. தண்ணீர்தான் உருட்டியிருக்க வேண்டும். கல்லின் பருமனை வைத்து, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழம், விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வேகம் என்று கணக்கே போட்டார்கள். தண்ணீர் வற்றி முந்நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆன ஓடை அது. பாலாறு வற்றியதைப் பற்றி நாம் புலம்புவதை அந்தக் கேல் பள்ளம் கேட்டால் சிரிக்கும்.

மதியம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

சாயங்காலம் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். பிராகாரத்தில் உள்ள நேரம் காட்டும் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அரைவட்டமாகச் செதுக்கிய கல், விளிம்பில் எண்கள். குச்சியைக் காடியில் வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. அர்ச்சகர் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து வைத்துக் காட்டினார். இதைப் பார்த்ததும் அணியின் கேமராப் பையன் துள்ளினான். 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி இரண்டின் முதுகிலும் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. "இரண்டு உலகம், ஒரே சூரியன்" என்று அதில் பொறித்திருந்தது. மணி பார்ப்பது அதன் முதல் வேலையல்ல. நிறம் தெரிந்த சில வில்லைகள் அதில் பதித்திருக்கும். செவ்வாயின் தூசி வானம் எல்லாவற்றின் மீதும் ஒரு செம்மையை ஏற்றிவிடுவதால், அந்த வில்லைகளைப் படம் எடுத்துத்தான் மற்ற படங்களின் நிறத்தைச் சரிசெய்வார்கள். மொட்டைக்கும் ஒன்று வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. கோயிலைவிட்டு வெளியே வருவதற்குள் அவன் நோட்டில் வரைந்தும் முடித்துவிட்டான்.

சனி, அதே ஆறு

இன்றைக்குச் சிக்கிக்கொண்டது.

நேற்றைய கூழாங்கல் திட்டைத் தாண்டி, வடக்கே ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பு வரை போவதாகத் திட்டம். பள்ளத்துக்கு நாலைந்து மீட்டர் முன்னால் வண்டல் காய்ந்து வெடித்த தரை. மேலே பார்க்கக் கெட்டியாக இருந்தது. நான் முன்பே அதன் மேல் நடந்துவிட்டதால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்: விரல் கனத்துக்குப் பொருக்கு, அதன் கீழே காற்றடித்துச் சேர்ந்த மாவு மணல். தோப்பில் இருப்பவர்களுக்குத் தெரியாது. படத்தில் அது சமதரை. "முன்னால் 3 மீட்டர்" என்று கட்டளை வந்தது.

வலது முன் சக்கரம் பொருக்கை உடைத்தது. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் சுற்றியது, சுற்றச் சுற்ற மணல் பின்னால் தெறித்தது, அச்சு வரை இறங்கியது. மற்ற சக்கரங்களும் ஒவ்வொன்றாக அதே வேலையைச் செய்தன. மூன்று மீட்டருக்கான சுற்று முடிந்ததும் மொட்டை சமத்தாக நின்று, "வேலை முடிந்தது" என்று படம் அனுப்பியது. நகர்ந்தது ஒரு ஜாண்.

எட்டு நிமிடம் கழித்துத் தோப்பில் யாரோ தலையில் கை வைத்திருப்பார்கள். எதிரே இருக்கும் கல் முன்பு இருந்த அளவிலேயே படத்தில் தெரிந்தால், சக்கரம் சொல்வது பொய் என்று அர்த்தம். ஆப்பர்ச்சூனிட்டிக்கு 2005 ஏப்ரலில் ஒரு மணல் மேட்டில் இதேதான் நடந்தது. வெளியே கொண்டுவர ஐந்து வாரம் ஆனது. ஸ்பிரிட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009இல் பொருக்குக்கு அடியில் இருந்த மென்மணலில் இறங்கியது. பூமியில் அதே மாதிரி மணல் தொட்டி கட்டி, அதில் இன்னொரு ரோவரைப் புதைத்து வழி தேடினார்கள். மாதக்கணக்கில் முயன்றும் வரவில்லை. 2010 மார்ச் 22க்குப் பிறகு அதனிடமிருந்து செய்தியும் வரவில்லை.

ஸ்பிரிட்டைப் பற்றி எனக்குப் பிடித்த கதை வேறு. 2006இல் அதன் வலது முன் சக்கரம் நின்றுபோனது. அதன்பின் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டினார்கள், செத்த சக்கரம் தரையை உழுதுகொண்டே வரும். 2007இல் அப்படி உழுத தடத்தில் வெள்ளையாக ஏதோ கிளம்பியது. சோதித்தால் 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடத்தில்தான் அப்படிச் சேரும். ஆறு சக்கரமும் நன்றாக இருந்திருந்தால் அது மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

சரி, மொட்டைக்கு வருவோம். அணியில் ஓட்டுநர் குடியாத்தத்துப் பெண். பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்தது, பையன்கள் எல்லாரும் முன்னால் முழு வேகம் கொடுக்கச் சொன்னார்களாம். அவள் கேட்கவில்லை. வந்த தடத்திலேயே பின்னால் 20 சென்டிமீட்டர், நில், படம். மறுபடி 20. ஒவ்வொன்றுக்கும் பதினாறு நிமிடம். நான் வெயிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின் கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் முடிகிற வேலை. கை பரபரத்தது. ஆடு மேய்க்கும் அம்மாவும் திரும்பி வந்து, "தூக்கி வுடுங்களேன் சார், பாவம்" என்றார். விதியைச் சொன்னேன். அவருக்கு என் மேலிருந்த கொஞ்ச மரியாதையும் போயிற்று.

மதியம் இரண்டு மணிக்கு முன்னால் கடைசிச் சக்கரமும் மேலே வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நான் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிறு, காவலூர்

நேற்று மாலையே கிளம்பி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறிவிட்டோம். மொட்டைக்கு ஓய்வு, சார்ஜ் ஏறட்டும். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், பழைய ஆட்களுக்கு இன்னும் வடஆற்காடுதான். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறந்தது. அதற்கு முன்பே இங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில்தான், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகும் நேரத்தில், அந்த நட்சத்திரத்தின் ஒளி முன்கூட்டியே ஒரு கணம் மங்கியதைப் பதிவு செய்தார்கள். அமெரிக்கக் குழு ஒன்று விமானத்திலிருந்து பார்த்ததும் அன்றுதான். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது.

படமே இல்லை, ஒளி மங்கிய ஒரு கோடு மட்டும். அதை வைத்து வளையம் என்று சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கேமரா இருந்தும் பொருக்கைத் தரை என்று நினைத்துவிட்டார்கள் என்று நான் சீண்டினேன். குடியாத்தத்துப் பெண் முறைத்தாள். ராத்திரி மேகம். குளிர் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

திங்கள், வள்ளிமலைப் பக்கம்

மலைமேல் சமணச் சிற்பங்கள் உள்ள பாறைக்கெல்லாம் வண்டியைக் கொண்டுபோகக் கூடாது, போகவும் இல்லை. அடிவாரத்துக்குத் தள்ளித் தெரிந்தவர் ஒருவரின் தரிசு நிலம், முழுக்கக் கல். மணலில் பெயர்ந்து ஓடுகிற கல் வேறு, தரையில் வேர் பிடித்து முனை நீட்டி நிற்கிற கல் வேறு. இரண்டாவதுதான் சக்கரத்துக்கு எமன். கியூரியாசிட்டியின் சக்கரங்கள் அலுமினியம், பட்டைகளுக்கு நடுவே தகடு முக்கால் மில்லிமீட்டர்தான். 2013 கடைசியில் அதில் ஓட்டையும் கிழிசலும் விழ ஆரம்பித்தன. கல் நகராது, பின் சக்கரங்கள் தள்ளும், நடுவில் மாட்டிய சக்கரம் குத்து வாங்கும். அதற்குப் பிறகு மணல் நிறைந்த தாழ்வான வழியாகத் தேடிப் போனார்கள், சில தூரம் பின்பக்கமாகவும் ஓட்டிப் பார்த்தார்கள், தள்ளுவதைவிட இழுப்பதில் அடி குறைவு என்பதால். பெர்சிவரன்ஸுக்குச் சக்கரத் தகட்டைத் தடிப்பாக்கிவிட்டார்கள்.

மொட்டையின் சக்கரம் பிளாஸ்டிக், மேலே சைக்கிள் டயர் ஒட்டியது. மதியத்துக்குள் இரண்டு பிளந்துவிட்டன. வீட்டுக்கு வந்து பார்த்தால் பிளவு இரண்டிலும் உள்பக்கம், ஒரே இடத்தில். அது வார்ப்பின் கோளாறா கல்லின் கோளாறா என்று இன்னும் சண்டை நடக்கிறது.

45 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய வேலூருக்கும் ஆம்பூருக்கும் உள்ள தூரம். ஆப்பர்ச்சூனிட்டி அதைக் கடக்கப் பதினான்கு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. இதை நான் முன்பெல்லாம் வேடிக்கையாகச் சொல்வேன். இன்று அரை ஏக்கர் கல்லில் மொட்டை பட்ட பாட்டைப் பார்த்தபின் சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய், மறுபடியும் ஆறு

ஓட்டுகிற குழு நேற்று ராத்திரியே அறிக்கை எழுதிவிட்டது. படங்களை மட்டும் வைத்து, "இந்த இடத்தில் முன்பு என்ன நடந்தது" என்று. இன்றைக்கு அவர்களை முதல்முறையாக அந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போனேன், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு.

தண்ணீர் ஓடியது, மேற்கிலிருந்து கிழக்கே. சரி. எப்படிச் சொன்னார்கள் என்றால், திட்டில் இருந்த தட்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, ஓட்டு வீட்டுக் கூரையின் ஓடுகள் மாதிரி அடுக்கியிருந்தன. வெள்ளம் தட்டைக் கல்லை அப்படித்தான் படுக்க வைக்கும், தன் வரவை நோக்கிச் சரிவாக. படத்தில் அந்தச் சரிவைக் கவனித்தது கேமராப் பையன். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அது என் கண்ணில் படவில்லை.

நீர் வந்து வந்து வற்றியிருக்கிறது. இதுவும் சரி, வெடித்த வண்டலைப் பார்த்துச் சொன்னது. கியூரியாசிட்டியும் அப்படி வெடிப்புகளைக் கண்டிருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வில் ஆறு பக்கமாக வெடித்தவை. ஒரே தடவை காய்ந்தால் மூன்று விரிசல் கூடும் இடங்கள் செங்கோணத்தில் நிற்கும், பல தடவை நனைந்து காய்ந்தால்தான் அறுகோணமாக மாறும் என்று அதிலிருந்து சொன்னார்கள். அங்கேயும் ஒரு காலத்தில் மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வந்திருக்கலாம்.

அடுத்தது பள்ளம். அறிக்கையில் இப்படி இருந்தது: "சுமார் இரண்டு மீட்டர் உயரச் சுவர். சாய்வான இணைகோடுகள் தெரிகின்றன. ஆறு பழைய படிவை அரித்து இறங்கிய மேட்டுக்கரை. கோடுகள் படிவு அடுக்குகள்."

குடியாத்தத்துப் பெண் பள்ளத்துக்குள் இறங்கி அந்தக் கோடுகளில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் புதைகிற அகலம், எல்லாம் ஒரே இடைவெளி, மேலிருந்து கீழே வந்து ஒரே இடத்தில் வளைந்து முடிந்திருந்தன. நாலு விரலையும் விரித்து நாலு கோட்டில் வைத்து இழுத்தாள். அப்புறம் மேலே பார்த்து, "இது ஜேசிபி பல்லு சார்" என்றாள்.

எனக்குச் சனிக்கிழமையே தெரியும், விதிப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன். மணல் அள்ளிய குழி. கொஞ்சம் தள்ளி லாரி ஏறிப்போன தடமும் இருக்கிறது, ஆனால் மொட்டையின் கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா மகன் விடவில்லை. "மாமா, செவ்வாயில ஜேசிபி கிடையாது. அங்க இந்தத் தப்பு வராது. இதுக்கு மார்க் குறைக்கக் கூடாது." அவள் சொன்னது வேறு: "ஜேசிபி இருக்காது, நாம பார்த்தே இராத வேற ஏதாவது இருக்கும். அப்பவும் தெரிஞ்ச பேரைத்தான் வைப்போம்." நான் அவள் கட்சி. கூழாங்கல்லில் சரியாகச் சொன்னதும் பள்ளத்தில் தப்பாகச் சொன்னதும் ஒரே கண்கள்தான். கல்லை மூன்று பக்கத்திலிருந்து படம் எடுத்திருந்தார்கள், சுவரை ஒரே பக்கத்திலிருந்து, அதுவும் வண்டி சிக்கிக் கிடந்த இடத்திலிருந்து.

பேடாக் கடையில் பேச்சு தொடர்ந்தது. சுவர், பள்ளம் எதைக் கண்டாலும் குறைந்தது இரண்டு இடத்திலிருந்து படம் எடுக்காமல் பெயர் வைக்கக் கூடாது என்று ஒரு விதி எழுதினார்கள். புதுச் சக்கரத்துக்கு அலுமினியமா, தடித்த பிளாஸ்டிக்கா என்று லேத்துக்காரரிடம் விலை கேட்க வேண்டும். அடுத்த ஓட்டம் பொன்னையாற்றுப் பக்கம், மழைக்கு முன்னால்.

குடியாத்தத்துப் பெண் அறிக்கையில் "படிவு அடுக்குகள்" என்பதை அடித்துவிட்டு, "இணைகோடுகள், சம இடைவெளி, காரணம் உறுதியில்லை" என்று எழுதினாள். அக்கா மகனுக்கு அது ஒப்பவில்லை. ஜேசிபி என்று தெரிந்த பிறகும் காரணம் உறுதியில்லை என்று எப்படி எழுதலாம் என்று காட்பாடி ஸ்டேஷன் வரைக்கும் வாதாடிக்கொண்டே வந்தான். அவள், படத்தில் என்ன தெரிந்ததோ அதை மட்டும்தான் எழுதுவேன் என்று பேடாவைக் கடித்தபடி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.